கும்பகோணத்தைச் சூழ்ந்த தலங்களும் நம் கடமையும்



அவுஸ்திரேலியாவிலிருந்து தலயாத்திரை செல்லும் நம் குடும்பங்கள் கும்பகோணத்தில் இரண்டு நாட்களாவது தங்குவது வழக்கமாகிவிட்டது. பாடசாலை விடுமுறைக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்பதால் பட்டியல் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு புறப்படுகிறோம். முதல் நாள் நகரத்துக் கோயில்கள். மறுநாள் அதிகாலையில் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, சூரியனார் கோயில் தொடங்கித் திருநள்ளாறு வரை நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் இருட்டுவதற்குள் தரிசித்துத் திரும்புகிறோம். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குறைந்த நாட்களில் நிறைந்த புண்ணியம் தேடும் ஆசை நல்ல ஆசையே. ஆனால் அந்த வான் ஓடும் சாலையின் இருபுறமும் எத்தனை கோபுரங்கள் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்பதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

வடக்கே காவிரியும் தெற்கே அரிசிலாறும் அணைத்து நிற்க, நடுவே அமைந்த திருநகர் கும்பகோணம். குடமூக்கு என்றும் குடந்தை என்றும் பழைய நூல்கள் இதனைப் போற்றும். ஊழிக் காலத்தில் பிரமதேவர் படைப்பின் வித்துக்களையும் அமுதத்தையும் ஒரு கும்பத்தில் இட்டு வைத்தார். பெருவெள்ளத்தில் மிதந்து வந்த அக்கும்பம் இவ்விடத்தில் தங்கியது. சிவபெருமான் வேடுவ வடிவில் வந்து அம்பெய்து அதை உடைத்தருளினார். பரவிய அமுதத்தையும் மணலையும் சேர்த்துத் தம் திருக்கரத்தால் பிடித்து வைத்த இலிங்கமே ஆதிகும்பேசுவரர் என்பது தலபுராணம்.

அந்த அமுதம் உடைந்த இடத்திலேயே தேங்கி நிற்கவில்லை. ஐந்து குரோச தூரம் பரவிச் சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் நனைத்தது. ஆகவேதான் திருவிடைமருதூர், திருநாகேச்சுரம், தாராசுரம், சுவாமிமலை, கருப்பூர் என்னும் ஐந்து தலங்களையும் பஞ்சகுரோசத் தலங்கள் என்று வகுத்தார்கள். கும்பகோணத்துக்கு வருகிறவர் இந்த ஐந்தையும் வலம் வந்து வழிபட்ட பிறகே நகரத்துள் நுழைந்து மகாமக தீர்த்தத்தில் நீராட வேண்டும் என்பது பெரியோர் விதித்த முறை. இதன் கருத்தைக் கவனியுங்கள். பெரிய கோயிலுக்கு வருகிறவன் அதைச் சூழ்ந்துள்ள ஊர்களை மறக்கக் கூடாது என்பதற்காகவே, அந்த ஊர்களை வாசற்படிகளாக வைத்தார்கள்.

மகாமகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 1992, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தது. அடுத்தது 2028 இல். அந்தக் குளத்தினுள்ளே 20 தீர்த்தக் கிணறுகளும், கரையைச் சூழ 16 மண்டபங்களும் உள்ளன. அன்று கூடும் இலட்சக்கணக்கான அடியார்களில் நம்மவரும் பலர் இருப்பார்கள். அதற்கு முன் ஐந்து தலங்களை வலம் வரும் அந்தப் பழைய முறையை எத்தனை பேர் கைக்கொள்வோம் என்பதே கேள்வி.

நகரத்திலிருந்து நான்கு கிலோமீற்றர் தூரத்தில் தாராசுரம். இரண்டாம் இராசராச சோழன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் 1987 இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004 இல் அதனோடு சேர்க்கப்பட்டன. தாராசுரத்துக்குப் போகிறவர்கள் தேர்ச் சக்கரத்தோடு கூடிய மண்டபத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அக்கோயிலின் உயிர்நாடி கருவறையின் புறச்சுவரில், அடிப்பகுதியில் உள்ளது. அறுபத்துமூன்று நாயன்மார்களின் வரலாறு அங்கே சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சேக்கிழார் பெருமான் பெரிய புராணம் பாடியது இந்த மன்னனின் தந்தையான இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். மகன் அந்தப் புராணத்தைக் கல்லில் எழுதி வைத்தான். அவற்றை நிமிர்ந்து நின்று பார்க்க முடியாது. குனிய வேண்டும், சில இடங்களில் உட்கார வேண்டும். அடியார்களின் பெருமையை அறிய வேண்டுமானால் நாம் தாழ வேண்டும் என்பதை அந்தச் சுவரே நமக்குக் கற்பிக்கிறது. நம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, இவர் கண்ணப்பர், இவர் சண்டேசர் என்று காட்டினால், சமய வகுப்பில் ஓராண்டு படிப்பது ஒரு மணி நேரத்தில் மனத்தில் பதிந்துவிடும்.

தாராசுரத்துக்குத் தெற்கே சற்றுத் தூரத்தில் பழையாறை. சோழ மன்னர்களின் மாளிகைகள் இருந்த மாநகரம் அது. இன்று வயல்களும் சிறு கிராமங்களுமாகக் காட்சி தருகிறது. மங்கையர்க்கரசியார் பிறந்ததும் அமர்நீதி நாயனார் வாழ்ந்ததும் அந்த மண்ணில்தான். இராசேந்திர சோழன் தன் சிற்றன்னையாகிய பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயிலும் அங்கேயே இருக்கிறது. கங்கை வரை படை நடத்திய பேரரசன், தன்னை வளர்த்த தாயின் நினைவுக்கு ஒரு சிறிய கோயில் கட்டினான்.

அந்தப் பழையாறைக்கு அப்பர் பெருமான் வந்தபோது, வடதளி என்னும் கோயிலில் சிவலிங்கத் திருமேனி கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தது. எத்தனையோ தலங்களைத் தரிசித்த பெரியவர் அவர். 'இது இல்லாவிட்டால் அடுத்த ஊர்' என்று நடந்திருக்கலாம். நம்மில் பலர் கதவு பூட்டியிருந்தால் அப்படித்தானே செய்கிறோம்? அப்பர் நகரவில்லை. பெருமானின் திருமேனியைக் கண்ணால் காணும் வரை உண்பதில்லை என்று அங்கேயே இருந்துவிட்டார். இறைவன் அரசனின் கனவில் தோன்றி உணர்த்த, மறைப்பு நீங்கியது, தரிசனமும் கிடைத்தது. ஒரு கோயிலின் கதவு திறக்க வேண்டும் என்பதற்காக ஒரு கிழவர் பட்டினி கிடந்த ஊர் அது.

பழையாறைக்குப் பக்கத்திலேயே பட்டீச்சரம். துர்க்கை அம்மன் சந்நிதியில் எலுமிச்சை விளக்கேற்றிவிட்டு அவசரமாகத் திரும்பும் அடியார்கள், தேனுபுரீசுவரர் சந்நிதிக்கு எதிரே உள்ள நந்தியைக் கவனிக்க வேண்டும். வழக்கமாக மூலவருக்கு நேரே அமரும் நந்திதேவர் அங்கே விலகி இருக்கிறார். காரணம் என்ன? ஞானசம்பந்தப் பிள்ளையார் வெயிலில் நடந்து வருகிறார். பெருமான் மனம் பொறுக்கவில்லை. பூதகணங்களிடம் முத்துப்பந்தர் கொடுத்தனுப்பி நிழல் செய்கிறார். அந்தப் பந்தரின் கீழ் பிள்ளை நடந்து வரும் அழகைத் தாம் காண வேண்டும் என்று நந்தியை விலகச் சொல்கிறார். வைத்தீசுவரன் கோயிலுக்கு அருகே திருப்புன்கூரிலும் நந்தி விலகியிருக்கிறது. அங்கே வந்தவர் நந்தனார். உள்ளே வர இயலாமல் வாசலில் நின்றவர். முத்துப்பந்தரின் கீழ் வந்த குழந்தைக்கும், வெளி வாசலில் கண்ணீரோடு நின்ற தொண்டருக்கும் பெருமான் செய்தது ஒன்றே: நந்தியே, விலகு, நான் அவரைப் பார்க்க வேண்டும்.

மெய்யடியார்களே, தரிசனம் என்பது இருவழிப் பாதை. நாம் அவரைக் காணப் போகிறோம் என்று நினைக்கிறோம். அவர் நம்மைக் காணக் காத்திருக்கிறார். கூட்டம் நிறைந்த கோயிலில் அவருக்கு அடியார் குறையில்லை. யாருமே வராத கோயிலிலும் அதே பெருமான்தான் வாசலைப் பார்த்தபடி வீற்றிருக்கிறார்.

நம் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார், இளம் வயதில் கணவரை இழந்தபின், செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக்குவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டார். கும்பகோணத்துக்குக் கிழக்கே கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லத்தில், கணவர் பெயரால் அவர் எடுத்த கோயிலில், கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பத்தை இன்றும் காணலாம். கோயில் கட்டியதோடு அக்காலத்தவர் நிற்கவில்லை. அங்கே நாளும் விளக்கு எரிய வழி செய்தார்கள். தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுத்த செய்தி வருகிறது. ஆடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை குறையாமல் பெருகும் ஆகையால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதினார்கள். அரசன் பெயரோடு அந்த இடையரின் பெயரும் கல்லில் இருக்கிறது. விளக்கு எரிகிறதா என்று தினமும் பார்க்க ஒரு மனிதர் பொறுப்பேற்றிருந்தார் என்பதே இதன் பொருள். அந்த ஒரு மனிதர் இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு நம் காலத்திலேயே, நாம் வாழும் இந்த நாட்டையே தொட்டு நிற்கும் சான்று உண்டு.

கும்பகோணத்திலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றரில், கொள்ளிடத்துக்கு அப்பால், கங்கைகொண்ட சோழபுரம். ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகர். 1836 இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது இக்கோயிலின் மதிலும் கோபுரமும் இடிக்கப்பட்டு, கற்கள் அணைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அந்தக் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் அதே அரியலூர் மாவட்டத்தில் சிறிபுரந்தான் என்றொரு சிற்றூர். அங்கேயும் சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. காலப்போக்கில் பூசை நின்றது, கதவு பூட்டப்பட்டது. உள்ளே நடராசப் பெருமான் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் இருட்டில் இருந்தன. 2006 இல் திருடர் புகுந்து அவற்றைக் கொண்டு சென்றனர். களவு போனது தெரிய வந்தது 2008 இல். நாள்தோறும் விளக்கேற்ற ஒருவர் வந்திருந்தால் மறுநாட் காலையிலேயே தெரிந்திருக்கும்.

அந்த நடராசர் எங்கே போனார்? நியூயோர்க் நகரத்து வணிகர் சுபாஷ் கபூர் வழியாக 2008 இல் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டு, கன்பெராவில் உள்ள அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். சிட்னியிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். அபிடேகம் இல்லை, தீபாராதனை இல்லை. கண்ணைக் கவரும் ஒளியில், ஒரு பீடத்தின் மேல், சுமார் ஆறு ஆண்டுகள் நின்றார். இதே வணிகரிடமிருந்து, கும்பகோணத்துக்கு வடக்கே விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிற்பத்தை, சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004 இல் வாங்கியிருந்தது. இரண்டு திருவுருவங்களையும் 2014 செப்தெம்பரில் அன்றைய பிரதமர் ரொனி அபட் புதுடில்லியில் பிரதமர் நரேந்திர மோடியிடம் ஒப்படைத்தார். நடராசர் கும்பகோணம் கொண்டு செல்லப்பட்டு, அங்குள்ள திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். கன்பெராக் கலைக்கூடம் 2021 இல் திருப்பித் தருவதாக அறிவித்த 14 பொருட்களுள் குழந்தை வடிவச் சம்பந்தர் செப்புத் திருமேனியும் இருந்தது. முத்துப்பந்தரின் கீழ் நடந்த பிள்ளை பல ஆண்டுகள் இந்த நாட்டில் இருந்தார்! 2022 நவம்பரில், அரியலூர் மாவட்டக் கோயில் சிலைத் திருட்டு வழக்கொன்றில் அந்த வணிகருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இவை சிறிபுரந்தான் திருமேனிதான் என்று எப்படி நிலைநாட்டினார்கள்? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994 இல் அந்தக் கோயிலில் எடுத்த புகைப்படம் இருந்தது. யாரும் வராத கோயிலுக்கு ஒருவர் சென்றார், கண்டார், பதிவு செய்தார். அந்த ஒரு பார்வை இருபது ஆண்டு கழித்துப் பெருமானைக் கடல் கடந்து அழைத்து வந்தது. திருவாரூர்ப் பகுதியில் உள்ள பத்தூரில் 1976 இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராசரும் இப்படித்தான் இலண்டன் வரை சென்றார். அவரை மீட்கும் வழக்கில், இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலே ஒரு வழக்காளியாக நின்றது. பாழடைந்தாலும் கோயிலுக்கு உரிமை உண்டு என்பதை 1991 இல் இலண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. அந்த ஆண்டே பெருமான் தமிழ்நாடு திரும்பினார்.

இங்கே நம் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "கடவுள் எல்லாம் வல்லவர் என்றால் அவரை எப்படித் திருட முடியும்?" நல்ல கேள்வி. இதற்கு நாம் மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். பசுவின் உடல் முழுவதும் பாலாகப் பரவியிருந்தாலும் அது மடியில் சுரக்கிறது. அதுபோல எங்கும் நிறைந்த இறைவன் திருமேனியில் விளங்கி அருள் செய்கிறான் என்பார்கள் பெரியோர். எங்கும் நிறைந்தவனை யாரும் கொண்டுபோக முடியாது. ஆனால் அவன் நம்மீது வைத்த கருணையால், நாம் நீராட்டவும் அமுதூட்டவும் உறங்கச் செய்யவும் ஏற்றபடி ஒரு வடிவத்துக்குள் எளியவனாக வந்திருக்கிறான். தாயின் மடியில் குழந்தை தன்னை ஒப்படைப்பது போல நம் கையில் தன்னை ஒப்படைத்திருக்கிறான். பறிபோனது அவனுடைய வல்லமை அன்று. நம்மிடம் அவன் ஒப்படைத்த அந்த உறவு. அதைக் காக்க வேண்டியவர்கள் நாம்.

சிறிபுரந்தான் போன்ற ஊர்களில் கோயில் ஏன் பூட்டப்படுகிறது? நிலத்து வருமானம் வருவதில்லை. அர்ச்சகர் குடும்பம் பிழைப்புத் தேடி நகரம் போகிறது. படித்த பிள்ளைகள் சென்னைக்கும், அங்கிருந்து சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் வருகிறார்கள். பிழைப்புக்காகப் புறப்படுவது பாவமல்ல. ஈழத்திலிருந்து வந்த அடியார்களுக்கோ புறப்படுவது விருப்பமாகவும் இருக்கவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது கோயில்கள் எத்தனை விளக்கின்றிப் போயின என்பதையும், திரும்பிச் சென்று முதல் விளக்கை ஏற்றிய நாளில் மனம் பட்ட பாட்டையும் அவர்களே அறிவார்கள். பூட்டிய கோயிலின் வேதனையை உலகில் வேறு எவரையும் விட நம் சமூகம் நன்கு அறியும்.

வந்த இடத்தில் நாம் சும்மா இருக்கவில்லை. ஹெலன்ஸ்பேர்க்கில் 1985, கரம் டவுன்ஸில் 1994, மேய்ஸ் ஹில்லில் 1999 என்று ஆலயங்கள் எழுந்தன. இவை நமக்குப் பெருமை. ஆயினும் செம்பியன் மாதேவியார் இருந்த தளிகளைக் காத்தார் என்பதையும் மறக்கக் கூடாது. இங்கே கட்டுவதும் அங்கே காப்பதும் ஒரே திருப்பணியின் இரு கைகள்.

ஆகவே அடுத்த யாத்திரைக்குப் பட்டியல் எழுதும்போது சில காரியங்களை நினைவில் வையுங்கள். முதலாவது, பெரிய தலங்களுக்கு நடுவே, யாரும் போகாத ஒரு சிற்றூர்க் கோயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127 என்று பாடல் பெற்ற தலங்கள் இருக்கின்றன. அவற்றில் பெயர் பெற்றவை சில. கூட்டமே இல்லாதவை பல. உங்கள் பாட்டனார் ஊர்க் கோயில் ஒன்று இருந்தால் அதுவே முதலிடம் பெற வேண்டும். இரண்டாவது, கதவு பூட்டியிருந்தால் உடனே வானில் ஏறிவிடாதீர்கள். அப்பரை நினைத்து அரை மணி நேரம் பொறுங்கள். பக்கத்து வீட்டில் விசாரித்தால், குருக்கள் ஐயா ஈருருளியில் சாவியோடு வருவார். அவர் நான்கு ஊர்க் கோயில்களுக்கு ஒருவராக இருக்கக்கூடும். மூன்றாவது, கையில் எண்ணெயும் திரியும் கொண்டு போங்கள். தட்டில் போடும் காணிக்கையோடு, அவருடைய பெயரைக் கேட்டு, நலம் விசாரித்து வாருங்கள். அந்த மரியாதை அவரை அங்கே தங்க வைக்கும். நான்காவது, தமிழ்நாட்டில் வருமானமில்லாத கோயில்களுக்கு ஒருகால பூசைத் திட்டம் என்று ஒன்று உண்டு. வைப்புநிதி இட்டு அதன் வட்டியிலிருந்து நாள்தோறும் ஒரு வேளைப் பூசை நடக்கச் செய்வது. சாவா மூவாப் பேராட்டின் இன்றைய வடிவம் அது. நீங்கள் போகும் கோயிலில் அது எவ்வாறு நடக்கிறது, எது குறைகிறது என்று கேட்டறிந்து, இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து உதவலாம். ஐந்தாவது, அனுமதி பெற்றுச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் படம் எடுத்து, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். ஒரு படம் என்ன செய்யும் என்பதை மேலே கண்டோம்.

கும்பத்திலிருந்து அமுதம் வழிந்தபோது அது பெரிய ஊர், சிறிய ஊர் என்று பார்த்துப் பாயவில்லை. பட்டீச்சரத்தில் விலகிய நந்தி இன்னும் விலகியே இருக்கிறது. யார் வருகிறார்கள் என்று பெருமான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். வருகிற யாத்திரையில், எவரும் எட்டிப் பார்க்காத ஒரு சந்நிதியில், உங்கள் பிள்ளையின் கையால் ஓர் அகல் விளக்கு ஏற்றப்படட்டும். அந்த வெளிச்சத்தில் நீங்கள் அவரைக் காண்பீர்கள். அவர் உங்களைக் காண்பார்.

எல்லாம் வல்ல ஆதிகும்பேசுவரப் பெருமானின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.

திருச்சிற்றம்பலம்.